கடலூர் பார்சல் கூடலூர் போகாமலிருக்க

டேப் சுற்றுவதில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட முகவரி எழுதுவதில் யாரும் காட்டுவதில்லை. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் பெட்டிகளை வாங்கிப் போடுகிற எனக்கு, எது தாமதமாகும் என்பது பெரும்பாலும் முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

எங்கள் கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒரு கூடலூர், தேனியில் ஒரு கூடலூர். ஆங்கிலத்தில் அவசரமாகக் கிறுக்கினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துக் காட்டுவது பின்கோடுதான்: நமக்கு 607, நீலகிரிக்கு 643, தேனிக்கு 625. ஊருக்குள்ளேயும் மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. கடைசி இலக்கம் மாறினால் பெட்டி ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வரும். வாங்குபவரின் செல் நம்பரும் அவசியம்; பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும் தபால்காரர் வேறு யாரைக் கேட்பார்?

அதே முகவரியை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே ஒட்டியது ஊறிக் கழன்றுவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

கட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். வில்லியனூர் சுடுமண் குதிரை கொண்டுவருபவர்கள் உடம்பைச் சுற்றிப் பேப்பர் சுற்றிவிட்டுக் காதையும் காலையும் மறந்துவிடுகிறார்கள். முதலில் உடைவது அவைதான். கால்களுக்கு நடுவே கசக்கிய பேப்பரைத் திணித்து, பெட்டிச் சுவரில் பொம்மை எங்கும் முட்டாதபடி நாலு பக்கமும் மெத்தை கொடுங்கள். 'உடையும் பொருள்' ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இன்னொரு கனமான பெட்டி மேலே ஏறும் என்றே நினைத்துக் கட்டுங்கள்.

லைட்டர், பட்டாசு தபாலில் போகாது. புதுச்சேரி பாட்டிலும்தான், எத்தனை வேட்டிக்குள் சுருட்டினாலும்!

'ரிஜிஸ்டர் போஸ்ட்' கேட்டு இன்னும் வருகிறார்கள். 2025-இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. உரியவர் கையில்தான் சேர வேண்டுமென்றால், ஸ்பீட் போஸ்ட் போடும்போதே 'ரிஜிஸ்ட்ரேஷன்' வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பட்டுப்புடவை போன்றவற்றுக்கு இன்சூரன்சும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், தொலைந்த பொருளுக்குக் கிடைப்பது கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அதுதான். இதைச் சொன்னதும் பலர் முகம் சுருங்கிவிடும்.

ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். டிராக்கிங் நம்பர் கையில் இருந்தால், எந்த நாள் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.