கண்ணாடியில் தெரியாத நாக்கு

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய ஏழு வயது மகளுக்கு ழ வரவில்லை, 'பழம்' கேட்டால் 'பளம்' வருகிறது. மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறாராம். பள்ளிக்கூடத்து டீச்சர் "நாக்கை மடக்கிச் சொல்லு" என்கிறாராம். "ழ சொல்லும்போது நாக்கு சரியாக எங்கேதான் இருக்கிறது? யாராவது உள்ளே பார்த்திருக்கிறார்களா?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

முதலில் வசம்பு. வேண்டாம். அதில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. அதை முன்னிட்டே அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பாட்டிகள் செல்லப்பெயர் வைத்திருக்கலாம். அதற்கும் நாக்கு புரள்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாக்கு எங்கே என்ற கேள்விதான் என்னை இரண்டு வாரம் பிடித்து ஆட்டியது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். வாயைத் திறந்தால் ழ போய்விடுகிறது, ழ சொன்னால் வாய் போதுமான அளவு திறப்பதில்லை. நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருடும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ஆனால் நாக்கின் நடு முதுகும் அடிநாக்கும் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்பது சொல்பவருக்கே தெரியாது. தொண்டைப் பக்கம் நடப்பதை உணரும் திறன் நமக்கு அவ்வளவு மட்டம்.

பேச்சொலி ஆய்வாளர்களும் பல வருடம் இதே கண்ணாடியோடுதான் மல்லுக்கட்டினார்கள். கரித்தூளை எண்ணெயில் குழைத்து ஒருவரின் நாக்கில் பூசுவார்கள். அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். வாய்க்குள் கண்ணாடியை நுழைத்து, அண்ணத்தில் கரி எங்கே ஒட்டியது என்று படம் எடுப்பார்கள். எளிமையான, அருமையான முறை. ஆனால் தொட்ட இடம் மட்டும்தான் தெரியும், அதுவும் வாயின் முன்பாதியில் மட்டும். எக்ஸ்ரேயில் எல்லாம் தெரியும். கதிர்வீச்சு இருப்பதால் இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். எம்ஆர்ஐ இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்துக்குப் போக முடியாது.

ஏன் பாலைவனம்? வருகிறேன். அதற்கு முன்னால், இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த அல்ட்ராசவுண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேன்தான். உடம்பில் வைத்து அழுத்தும் கைக்கருவியான புராபை வயிற்றுக்குப் பதில் தாடைக்கு அடியில், கழுத்து மடிப்பில், மேல்நோக்கி வைக்க வேண்டும். புராபுக்குள் இருக்கும் படிகங்கள் மின்சாரம் பட்டதும் அதிர்ந்து, வினாடிக்குச் சில பத்து லட்சம் அதிர்வுள்ள ஒலித்துடிப்பை அனுப்பும். அது திசுவில் வினாடிக்கு சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும். வழியில் எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். திரும்பிவர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட வேண்டியதுதான். வௌவால் கதை, பத்தாம் வகுப்புப் பாடம்.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. வயிற்று ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும்: வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், சில ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். காரணம் காற்று. ஒரு பொருள் ஒலியை எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. தசைக்கும் காற்றுக்கும் அதில் நாலாயிரம் மடங்கு வித்தியாசம். அதனால் தசையில் ஓடி வந்த ஒலி காற்றைச் சந்தித்தால் 99.9 சதவீதம் அப்படியே திரும்பிவிடும், அந்தப் பக்கம் எதுவுமே போகாது. குடலில் வாயு இருந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்பு தெரியாது. புராபுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருக்கக்கூடாது என்றுதான் அந்தச் சில்லென்ற ஜெல். ஸ்கேன் டாக்டருக்குக் காற்று பரம எதிரி.

நாக்கைப் பார்ப்பவருக்கோ அதே காற்றுதான் பிழைப்பு. தாடைக்கு அடியிலிருந்து கிளம்பும் ஒலி நாக்கின் சதைக்குள் மேலே ஏறுகிறது. நாக்கின் முதுகில் சதை முடிகிறது, அதற்கு மேல் வாய்க்குள்ளிருக்கும் காற்று. மொத்த ஒலியும் அங்கே முட்டித் திரும்புகிறது. அதனால் திரையில் நாக்கின் மேல்விளிம்பு பளீரென்று ஒரு வெள்ளை வளைகோடாக விழுகிறது. அதற்கு மேலே எல்லாம் இருட்டு. பார்வை எந்த இடத்தில் அடைபட்டுப் போகிறதோ, நமக்கு வேண்டிய கோடு சரியாக அந்த இடத்தில் இருக்கிறது!

கதிரியக்க மருத்துவரான நண்பர் ஒருவரிடம் கெஞ்சி, அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் போன பிறகு நானும் புராபை வைத்துப் பார்த்தேன். 'ஆ' சொன்னேன், கோட்டின் பின்பக்கம் புடைத்தது. 'ஈ' சொன்னேன், அடிநாக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்தது. என் நாக்குக்கு அவ்வளவு பெரிய பின்பகுதி இருப்பது ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அண்ணம் மட்டும் தெரியவில்லை, காற்று மறைக்கிறதே. நண்பர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி "விழுங்கு" என்றார். விழுங்கும் அந்த ஒரு நொடியில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. ஒலி அதைத் தாண்டிப் போய், அண்ணத்தின் வளைவு கூரை மாதிரி மின்னி மறைந்தது. ஆய்வகங்களிலும் இதேதான் வழி. ஆளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கூரையைப் படியெடுத்துக்கொண்டு, அப்புறம் பேச்சுப் படங்களின் மேல் அதை வரைந்துகொள்கிறார்கள்.

சரி, 'பழம்' சொன்னேன். ஏமாற்றம்தான் மிச்சம். நுனிநாக்கு மேலே எழுந்ததும் அதற்கு அடியில் ஒரு காற்றுப் பை உண்டாகிறது. ஒலி அந்தக் கீழ்க்காற்றிலேயே முட்டித் திரும்பிவிடுவதால் நுனி மாயமாகிவிடுகிறது. போதாததற்குத் தாடை எலும்பின் நிழல் வேறு. நடு முதுகும் பின்பகுதியும் அழகாகத் தெரிந்தன, கேள்வி கேட்ட இடம் மட்டும் இருட்டு. தமிழின் ழ, ள, ல ஒலிகளை எம்ஆர்ஐ வைத்தும், நாக்கில் சின்ன உணரிகளை ஒட்டியும் ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணனும் சகாக்களும் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ழ வில் நுனி எழுந்து அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் ஒட்டி அடைப்பதில்லை. வாசகிக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் அல்ட்ராசவுண்ட் யாருக்குத்தான் உதவும்? பின்நாக்கில் ரகசியம் வைத்திருக்கும் மொழிகளுக்கு. இப்போது பாலைவனம்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், கலஹாரியின் ஓரத்தில், கோமானி சான் மக்களின் மொழி ஒன்று இருக்கிறது. 'நூ' என்றுதான் தமிழில் எழுத முடிகிறது, ந வோடு சேர்த்து ஒரு உச்சுக்கொட்டலும் போட வேண்டும். தேசியப் பூங்கா அமைத்ததில் நிலத்தை இழந்து, வெள்ளையர் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போன மக்கள். அது அசிங்கமான மொழி என்று சொல்லிச் சொல்லியே அவர்களைப் பேசவிடாமல் செய்தார்கள். மொழி செத்துவிட்டது என்று அறிஞர்கள் முடிவு கட்டியிருந்த நிலையில், 1990களில் நிலவுரிமை வழக்கு நடந்தபோது எல்சி ஃபால்போய் என்ற மூதாட்டி அதைப் பேசினார். தேடியதில் இன்னும் சில முதியவர்கள் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவரான கத்ரீனா ஈசாவ், தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, 2014இல் நாட்டின் உயரிய விருது ஒன்றைப் பெற்றவர். சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி மனிதராக அவரைத்தான் சொல்கிறார்கள்.

இந்த மொழியில் உச்சுக்கொட்டும் ஒலிகள் மட்டும் 45. கிளிக் ஒலிகள் என்பார்கள். அடிப்படை வகை ஐந்து. நாலு நமக்கும் தெரியும், எழுத்தாக வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பல்லி சத்தம் கேட்டதும் தரையைத் தட்டிக்கொண்டு "ச்சு ச்சு" போடுகிறோமே, அது ஒன்று. (பல்லி சொன்ன பலன் பலிக்குமா என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். அது இன்னொரு பல்லியிடம் பேசுகிறது.) வண்டிமாட்டை விரட்டக் கன்னத்து ஓரம் போடும் சத்தம் ஒன்று. பிள்ளைகள் குதிரைக் குளம்படி மாதிரி 'டொக் டொக்' போடுவது ஒன்று. உதட்டில் முத்தம் ஒன்று. மிச்சமிருப்பது நடு அண்ணத்தில் அகலமாக ஒட்டிப் பிரியும் ஒரு கூரான 'டிக்'.

கிளிக் எப்படிப் பிறக்கிறது? நாக்கின் முன்பகுதி ஓரிடத்தில் ஒட்டுகிறது, பின்பகுதி இன்னோரிடத்தில் ஒட்டுகிறது. நடுவில் கொஞ்சம் காற்று சிறைப்படுகிறது. நடு நாக்கு கீழே இறங்கினால் சிறை பெரிதாகும், காற்றழுத்தம் குறையும். முன்கதவைத் திறந்தால் வெளிக்காற்று 'டக்'கென்று உள்ளே பாயும். நுரையீரலுக்கு இதில் வேலையே இல்லை. 'ம்ம்' என்று முனகிக்கொண்டே "ச்சு" போட்டுப் பாருங்கள், முனகல் அறுபடாது.

முன்கதவு எங்கே என்பது கரித்தூள் காலத்திலேயே தெரியும். பின்கதவுதான் சிக்கல். க சொல்லும் இடத்தில், மென்னண்ணத்தில் என்று பாடநூல்கள் எழுதின, ஒலி வகைக்கே அந்த இடத்தின் பெயரை வைத்தன. அதோடு, பக்கத்து மொழிகளைப் போலவே நூவிலும் கிளிக்குகள் இரண்டு அணி, ஓர் அணியின் பின்கதவு மென்னண்ணத்தில், மற்றொன்றினுடையது இன்னும் பின்னே உள்நாக்கில் என்றும் நம்பிக்கை. காதுக்கு அப்படித்தான் கேட்டது. ஆந்தனி டிரெயில் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர் 'கோ' என்ற அண்டை மொழியை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தவர். அந்த ஒலிகளைப் பழகிப் பழகி அவர் குரல்வளையில் ஒரு கட்டி வந்தது. பார்த்தால், அந்த மொழி பேசும் பெரியவர்களுக்கும் அதே இடத்தில் அதே கட்டி!

அமாண்டா மில்லர், போனி சாண்ட்ஸ், நமீபியாவின் லெவி நமசேப் முதலான ஆய்வாளர்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடிய அல்ட்ராசவுண்டோடு நூ பேசும் முதியவர்களிடம் போனார்கள். அப்போது மீந்திருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. 2009இல் முடிவு வெளியானது. இரண்டு அணிக்கும் பின்கதவு ஒரே இடம்தான். அந்த இடமும் க வின் இடமில்லை, அதற்கும் பின்னால் உள்நாக்குப் பக்கம். வித்தியாசம் காற்றில் இருந்தது. ஓர் அணியில் கிளிக்கோடு கதை முடிகிறது. மற்றதில் கிளிக் வெடித்த பிறகு பின்கதவு தனியாகத் திறக்க, நுரையீரல் காற்று இன்னொரு வெடிப்பாக வருகிறது. 'வெவ்வேறு இடம்' என்று காது சொன்னது, உண்மையில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள் தாடைக்கு அடியில் ஜெல் தடவ இடம் கொடுத்ததில், பாடநூல் வைத்திருந்த பெயரே அடிபட்டுப் போனது.

வேகம் இன்னொரு தலைவலி. நண்பரின் கிளினிக்கில் நான் "ச்சு" போட்டபோது, பதிவில் ஒரு படத்தில் நாக்கு ஒட்டியிருந்தது, அடுத்த படத்தில் எல்லாம் முடிந்திருந்தது. சாதாரண வீடியோ வினாடிக்கு 30 படம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவினாடி. கிளிக்கின் வெடிப்பு அந்த இடைவெளியில் நழுவிவிடும். எவ்வளவு வேகமாக எடுக்கலாம்? பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப சுமார் 130 மைக்ரோவினாடி ஆகும். 64 கோடுகள் சேர்ந்து ஒரு படம் என்றால் 8 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 120 படம். கோடுகளைக் கூட்டினால் படம் தெளியும், வேகம் குறையும். இயந்திரம் தன் நினைவில் வைத்திருக்கும் இந்த வேகப் படங்களை வெளியே எடுத்து, தனியே பதிந்த பேச்சோடு மென்பொருளில் பொருத்தும் வழியை மில்லர் 2011இல் வெளியிட்டார்.

நம் பக்கத்திலேயே நீலகிரியில் தோதா மொழி இருக்கிறது. பேசுபவர்கள் இரண்டாயிரத்தை எட்ட மாட்டார்கள். நாக்கு படபடக்கும் ர மட்டும் மூன்று இடத்தில், ஸ மாதிரி ஒலிகள் நாலு. மொழியியலாளர் எமனோ 1930களில் எழுதி வைத்ததை, பேச்சொலி ஆய்வாளர்கள் லடஃபோகட்டும் பாஸ்கரராவும் 1990களில் கருவிகளோடு போய்ச் சரிபார்த்தார்கள். இதற்கு அல்ட்ராசவுண்ட் கொண்டுபோகலாமே என்றால், இந்தியாவில் அது அவ்வளவு சுலபமில்லை. சிசுவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இயந்திரம் பதிவு செய்யப்பட வேண்டும், எடுத்துச்செல்லும் ரகத்துக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாடைக்கு அடியில் மட்டும் வைப்போம் என்று எழுதிக் கொடுக்கும் ஆய்வாளருக்கு ஒரு வழி செய்து தருவது முடியாத காரியமா? தமிழ் உலகின் மூத்த மொழி என்று மேடை போட ஆகும் செலவில் ஒரு பங்கு போதும், நீலகிரி மொழிகள் அத்தனையையும் பதிவு செய்துவிடலாம்.

வாசகிக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. மகளைக் குதிரை ஓட்டச் சொல்லுங்கள். 'டொக்' போடுவதற்கு முந்திய நொடியில், நுனிநாக்கு மேலே ஒட்டி நிற்கும்போது, அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது நுனியை ஒரு மயிரிழை இறக்கி, கொஞ்சம் பின்னால் இழுத்து, எதையும் தொடாமல் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பொடியனுக்கு நாலாம் நாள் வந்துவிட்டது. 'வாழைப்பழம்' வர இன்னும் ஒரு வாரம் ஆனது, அந்த வாரம் முழுக்க வீட்டில் குதிரைச் சத்தம்தான்.