சை-ஃபை: தமிழில் அறிபுனை

"டிவியில் சை-ஃபை செத்துவிட்டது" என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சரி, எது செத்தது? அதற்கு முதலில் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும், பிறகு தமிழில் அதற்கு 'அறிபுனை' ஏன் பொருந்துகிறது என்பதையும்.

சை-ஃபை என்பது சயன்ஸ் ஃபிக்‌ஷன், அதாவது அறிவியலை வைத்துப் புனையும் கதை என்பதன் சுருக்கம். 1926இல் தன் இதழைத் தொடங்கிய அமெரிக்கப் பதிப்பாளர் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் இந்த வகைக் கதைக்கு வைத்த பெயர் சயன்டிஃபிக்‌ஷன். வாயில் நுழையாத அந்தப் பெயர் நிலைக்கவில்லை, சயன்ஸ் ஃபிக்‌ஷன் நிலைத்தது. அப்புறம் துல்லியமான ஒலிக்கருவிகளை ஹை-ஃபை என்று அழைக்கும் காலம் வந்தது. 1954இல் இந்த வகையின் தீவிர ரசிகரான ஃபாரஸ்ட் ஆக்கர்மன் காரில் போகும்போது வானொலியில் அந்தச் சொல் காதில் விழ, அதே ஓசையில் சை-ஃபை என்றார். எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் அதற்கு முன்பே ஒரு கடிதத்தில் இதை எழுதியதாகவும் சொல்வார்கள். ஆனாலும் ஊரறியப் பரப்பியவர் ஆக்கர்மன்தான். ஹை-ஃபையில் உள்ள 'ஃபை' மூலத்துக்கு உண்மையாக இருப்பதைக் குறிக்கும், சை-ஃபையில் உள்ளது புனைவைக் குறிக்கும். இரண்டுக்கும் ஓசை ஒன்று, பொருள் வேறு.

பழைய வாசகர்கள் பலருக்கு இந்தச் சுருக்கம் பிடிக்கவில்லை. நல்ல எழுத்தை, சயன்ஸ் ஃபிக்‌ஷனின் முதலெழுத்துகளால், எஸ்எஃப் என்றார்கள். சை-ஃபை என்பதை மலிவான படங்களுக்கு ஒதுக்கி, 'ஸ்கிஃபி' என்று உச்சரித்து ஒதுக்கினார்கள்.

1992இல் அமெரிக்காவில் இந்தப் பெயரிலேயே ஒரு சேனல் வந்தது. 2009இல் அது தன் எழுத்துகளை மாற்றி 'சிஃபி' போலப் படிக்கத் தோன்றும் வடிவத்துக்குப் போனது. உச்சரிப்பு மட்டும் பழையதுதான். ஒரு கதைவகையின் பொதுப்பெயரை வணிகச் சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது ஒரு காரணம். ஆனால் புதிய எழுத்துகளில் அறிவியலும் இல்லை, புனைவும் இல்லை. மல்யுத்தமும் பேய் தேடும் நிகழ்ச்சிகளும் அதற்கு முன்பே அந்தச் சேனலுக்குள் வந்துவிட்டதால், ரசிகர்களின் கோபம் அந்தப் பெயர்மீது விழுந்தது. எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது.

அதே சேனலில் 2013இல் சுழற்காற்று சுறாக்களை அள்ளி வந்து நகரத்தில் கொட்டும் படம் வந்தது. 2015இல் 'தி எக்ஸ்பான்ஸ்' வந்தது. இந்தத் தொடரில் சீரீஸ் என்ற குறுங்கோளுக்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள். அது சுழல்வதால்தான் அங்கே எடை. எனவே கோப்பையில் ஊற்றும் மது நேராக விழாமல் வளைந்து விழுகிறது. ஒருவரும் அதை விளக்குவதில்லை, காட்சி நகர்ந்துவிடுகிறது. சுறாவும் சை-ஃபை, இதுவும் சை-ஃபை! 2018இல் சேனல் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரைக் கைவிட்டபோது ரசிகர்கள் விமானத்தில் பதாகை கட்டி அமேசான் அலுவலகத்துக்கு மேல் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டு மேலும் 3 பருவங்கள் (சீசன்கள்) தந்தது. செத்த வகைக்கு இப்படி ஆள் சேராது.

தேய்ந்தது வேறு. பழைய விண்வெளித் தொடரான 'ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பெரும்பாலும் பருவத்துக்கு 26 பகுதிகள் வந்தது. இன்று 8, 10 பகுதிகளே வழக்கம். வாரம் ஒரு கேள்வியை எடுத்து அன்றே கதையாக்கிப் பார்க்க இடமில்லை.

இனி தமிழுக்கு வருவோம். 'விஞ்ஞானக் கதை', 'அறிவியல் கதை' இரண்டும் போதாது. பெனிசிலின் கண்டுபிடித்த வரலாறும் அறிவியல் கதைதான். அறிவியல் புனைகதை சரியான சொல், ஆனால் நீளம், தொடருக்கும் படத்துக்கும் பொருந்தாது. அறிபுனை இரண்டு குறையையும் தீர்க்கிறது. புனைதல் என்றால் பொய் சொல்வது மட்டுமில்லை. மாலை புனைகிறோம், கவி புனைகிறோம். இருக்கிற பூவைக் கொண்டு இல்லாத ஒன்றைக் கட்டுவது அது. கட்டுவதற்கு முன் பூ வேண்டும், அதுதான் 'அறி'. சை-ஃபையில் தேய்ந்துபோன இரண்டு பாதிகளும் இங்கே முழுசாக நிற்கின்றன.

எழுதும்போது: அறிபுனைத் தொடர், அறிபுனைக் கதை, அறிபுனைப் படம், அறிபுனை எழுத்தாளர்.