பன்னா: துணியின் அகலமும் குறைந்தபட்ச ஆர்டரும்

சட்டைத்துணி எடுக்கப் போனால், விற்பவர் முதலில் பார்ப்பது பன்னாவைத்தான். 36 பன்னா என்றால் முழுக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் கிழிப்பார். 58 பன்னா என்றால் 1.60 மீட்டரோடு நிறுத்திவிடுவார். அங்குலம் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை, அது பன்னாவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரு கரையிலிருந்து மறுகரை வரை துணிக்குள்ள அகலம் என்பதே இதன் பொருள். கதவுக்கோ வயலுக்கோ பன்னா கிடையாது; துணிக்கு மட்டும்தான்.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே ‘பஹ்ன்’ என்றால் அகன்றது, ‘பஹ்னா’ என்றால் அகலம். மராத்தியில் துணியகலத்தைப் ‘பன்ஹா’ என்கிறார்கள்; தெலுங்கில் நம்மைப் போலவே ‘பன்னா’. நடுவில் இருந்த ஹகரம் தேய்ந்து னகரம் இரட்டித்ததுதான் நம் வடிவம். இந்தியில் மரகதத்தையும் ஏட்டின் பக்கத்தையும் குறிக்கும் ‘பன்னா’ வேறு சொல். துணியைக் குறிக்கும் இலத்தீன் ‘பன்னுஸ்’ ஒலியில் இன்னும் நெருங்கி வருகிறது என்றாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. சொல்லாராய்ச்சியில் ஒலியொப்புமையை நம்பிக் கால் வைக்கக் கூடாத இடங்களில் இதுவும் ஒன்று.

தமிழில் நேர்ச்சொல் அகலம். துணியகலம் என்று சேர்த்து எழுதினால் ஐயத்துக்கு இடமிருக்காது. சங்கப் பாடல்களில் அகலம் என்பது மார்பையும் குறிக்கும்; சட்டை தைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. நம் மொழி துணிக்கு வைத்த பெயர்களையும் இங்கே கவனிக்க வேண்டும். துணிக்கப்படுவதால் துணி, அறுக்கப்படுவதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவரின் பெயரிலேயே அந்த வணிகம் நிற்கிறது. இரண்டு பெயர்களும் நீளத்தை முடிவுசெய்யும் வெட்டைச் சொல்கின்றன. தறியிலிருந்து எவ்வளவு நீளம் அறுப்பது என்பது கடைசி நிமிடம் வரை மனிதன் கையில் இருக்கிறது. அகலம் அப்படியல்ல. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், தறியில் ஏறும்போதே அது முடிவாகிவிடுகிறது. தனி ஆர்டருக்குத் துணி நெய்யச் சொல்லும் ஒருவர் நீளத்தில் பேரம் பேசலாம். அகலத்தில் பேச வேண்டுமானால் பாவு ஓட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அகலம் மனிதக் கைக்கு எட்டும் தூரத்தோடு நின்ற காலம் நெடியது. குறுக்கு இழையைக் கொண்டுசெல்லும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடித்தவரை, ஒருவர் தனியாக நெய்யும் துணி அவர் கை எட்டும் அகலம்தான். இங்கிலாந்தில் அகன்ற கம்பளித்துணிக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். 1733இல் ஜான் கே, கயிற்றை இழுத்தால் தானே பாயும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு ஒரே ஆள் அகலத்துணி நெய்ய முடிந்தது. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1215இன் மாக்னா கார்ட்டா, சாயத்துணி கரைகளுக்கு நடுவே ‘எல்’ என்ற பழைய ஆங்கிலத் துணியளவில் இரண்டு எல் அகலம் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனத்தில் பன்னாவுக்கும் ஒரு வரி கிடைத்திருக்கிறது!

இனி ஆர்டர் கணக்கு. ‘எம்.ஓ.க்யூ. எவ்வளவு?’ என்று, அதாவது ஆலை ஏற்கும் மிகச் சிறிய ஆர்டர் எவ்வளவு என்று, வியாபாரிகள் கேட்பதைக் குறைந்தபட்ச ஆர்டர் என்று எழுதினால் போதும். ஆணை என்றால் அரசாணை போல ஒலிக்கிறது. ஆர்டர் தமிழில் எப்போதோ குடியேறிவிட்ட சொல். இந்தக் குறைந்தபட்சத்தை ஆலைக்காரரின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பாவின் செலவு. நூலைச் சுற்றி, கஞ்சி போட்டு, பீம் என்ற உருளையில் ஏற்றி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்புப் போன்ற அச்சிலும் கோக்க வேண்டும். நூறு மீட்டர் நெய்தாலும் இரண்டாயிரம் மீட்டர் நெய்தாலும் இந்தக் கோக்கும் வேலை ஒன்றுதான். கைத்தறியில் ஒரு பட்டுப்பாவுக்கு இரண்டு மூன்று சேலை என்று முடித்துக்கொள்ளலாம். விசைத்தறிக்கு அது கட்டாது.

இதில் அகலம் எங்கே நுழைகிறது? கோடு போட்ட சட்டைத்துணியை எடுத்துக்கொள்வோம். 40ஆம் நம்பர் நூல் (நம்பர் என்பது நூலின் மெல்லிய தன்மைக்கான அளவு), அங்குலத்துக்கு 100 பாவிழை, இருபதில் ஒன்று சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடை முழுக்க வெள்ளை. 58 பன்னாவில் 5,800 இழை, அதில் சிவப்பு 290. 36 பன்னாவில் 3,600 இழை, சிவப்பு 180. இந்த நூல் ஒரு கிலோவுக்குச் சுமார் 67,700 மீட்டர் வரும். ஆகவே 1,000 மீட்டர் பாவுக்குப் பெரிய பன்னாவில் 4.3 கிலோ சிவப்பு நூல் வேண்டும், சின்ன பன்னாவில் 2.7 கிலோதான் வேண்டும். சாயப்பட்டறை 10 கிலோவுக்குக் குறைந்து சாயமேற்ற மறுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிவப்பு தீர 58 பன்னாவில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஓட்ட வேண்டும். 36இல் 3,700 மீட்டரைத் தாண்ட வேண்டும். துணியில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோடு மொத்த ஆர்டரையும் பிடித்து வைத்திருக்கிறது.

மீட்டரில் பார்த்தால் குறுகிய துணி வாங்குபவருக்குப் பெரிய அநீதி நடப்பது போலத் தோன்றும். சட்டையாக மாற்றிப் பாருங்கள். சட்டைக்கு 1.60 மீட்டர் வீதம் 58 பன்னாவில் சுமார் 1,450 சட்டை, இரண்டேகால் மீட்டர் வீதம் 36இல் சுமார் 1,650. கழிவும் சுருக்கமும் சேர்க்காத கணக்கு இது. ஆனாலும் இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது! பன்னா சொல்லாமல் மீட்டரை மட்டும் சொல்லும் விலைப்பட்டியலை நான் பாதிக் கடிதமாகவே எண்ணுவேன்.

பெரிய பன்னா என்றால் எப்போதும் சிறிய ஆர்டர் போதும் என்று முடிவுகட்டவும் வேண்டாம். காற்றால் ஊடையைச் செலுத்தும் 340 செ.மீ. அகல ஏர்ஜெட் தறியில், வெளுக்காத 63 அங்குலக் காடாத்துணியை இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெய்யலாம். 1,000 மீட்டர் பாவு ஓட்டினால் ஏறத்தாழ 2,000 மீட்டர் துணி இறங்கும். வாங்குபவர் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கரூர் ஏற்றுமதிக்காரர்கள் கேட்கும் அகலப் படுக்கை விரிப்பு என்றால் அதே தறியில் ஒரே துணிதான் வரும். விரிப்புக்கு 2.75 மீட்டர் என்று வைத்தால் அதே 1,000 மீட்டரில் முந்நூற்றைம்பது சொச்சம் விரிப்புகள் கிடைக்கும். எந்தத் தறிக்கும் சரியாகப் பொருந்தாத அகலத்தைக் கேட்பவர் நிலைதான் கடினம். தறி பாதி சும்மா ஓடும். ஆலை அந்த நட்டத்தைக் கூடுதல் மீட்டராகவோ கூடுதல் விலையாகவோ கேட்டு வாங்கும்.

பன்னா என்ற ஒரே சொல்லுக்குள் பல அகலங்கள் ஒளிந்திருப்பதும் தகராறுக்கு வழி செய்கிறது. அச்சில் இழை பரவும் அகலம் ஒன்று, தறியிலிருந்து இறங்கும் காடா அகலம் அதைவிடக் குறைவு, வெளுத்துச் சாயமேற்றி முடித்த அகலம் இன்னும் குறைவு. 63 அங்குலக் காடா முடிவில் 58 அங்குலமாகச் சுருங்குவது வழக்கம். முடிக்கும் எந்திரம் துணியைப் பிடித்த கரையோரத்து ஊசித்துளைகளைக் கழித்தால் வெட்டுமேசைக்குக் கிடைப்பது அதற்கும் கீழே. ஒப்பந்தத்தில் ‘முடித்த துணியின் பயன்படும் அகலம்’ என்று நீட்டி எழுதுவதில் வெட்கமில்லை. இங்கே பன்னா போதாது.

திருப்பூருக்குப் போனால் பன்னாவின் செல்வாக்கு குறைந்து ‘டயா’ வந்துவிடும். துணியைக் குழாயாகப் பின்னும் வட்டப் பின்னல் எந்திரத்தின் விட்டம் அது. தமிழில் விட்டம் என்றே எழுதலாம், பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்த சொல்தான். பக்கத் தையல் வைத்த டி-ஷர்ட்டுக்கு ஒரே டயாவில் பின்னிய துணியைப் பிளந்து விரித்து எல்லா அளவையும் வெட்டிக்கொள்ளலாம். பக்கத் தையலே இல்லாத பனியனுக்குக் குழாயின் அகலமே உடம்பின் அகலம். 85, 90, 95, 100 செ.மீ. அளவுகளுக்கு நான்கு டயா, நான்கு எந்திரம் தேவை. சாயத்துக்கு நான்கையும் ஒரே தொட்டியில் சேர்த்துப் போட்டுவிடலாம். பின்னுவதற்கு ஒவ்வொரு டயாவுக்கும் தனியாகக் குறைந்தபட்சம் உண்டு. 85இல் ஐம்பது, 100இல் ஐம்பது என்று கலந்து கேட்பவர்களுக்குப் பக்கத் தையல் வைத்த மாதிரியைக் காட்டுவதுதான் அங்கே வழக்கம்.