ரெஸ்டோரேஷன்: மீட்பா, மீட்சியா?

கெட்டுப்போன காலநிலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 'கிளைமேட் ரெஸ்டோரேஷன்' என்பதைப் பலரும் 'காலநிலைச் சீரமைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். குழி விழுந்த சாலையைச் சீரமைக்கலாம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இருக்கும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கு அந்தச் சொல் ஒட்டாது.

ரெஸ்டோர் என்பதன் வேர் லத்தீனின் 'ரெஸ்தௌராரே'. பழுதானதைத் திரும்பக் கட்டுதல், புதுப்பித்தல். கட்டடத்தின் வாடை இன்னும் போகவில்லை. கிளைமேட்டின் வேர் கிரேக்கத்தின் 'கிளிமா', அதாவது சாய்வு. சூரியனுக்கு நிலம் எந்த அளவு சாய்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கிரேக்கர்கள் பூமியைப் பட்டைகளாகப் பிரித்தார்கள். தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. நிலத்தை விட்டுவிட்டு வானத்தை மட்டும் காலநிலை என்பவர்களுக்கு அது நல்ல திருத்தம்.

தமிழில் 'மீள்' தன்வினை: காய்ச்சலிலிருந்து மீண்டார். அதன் பிறவினையில் அடகு நகையை மீட்டார். நீள், நீட்சி ஆவதுபோல மீள், மீட்சி ஆகிறது. மீட்பு நம் வேலை. மீட்சி காட்டின் வேலை. சிதைந்த சூழலமைப்பு மீள்வதற்குத் துணைபுரிவதே ரெஸ்டோரேஷன் என்பது சூழலியலார் வரையறை. ஆகவே 'காலநிலை மீட்சி' என்பதே பொருந்தும். அதற்கு நாம் செய்வதை 'மீட்புப்பணி' எனலாம்.

இந்த வேறுபாடு கடற்கரையில்தான் நன்றாகத் தெரியும். பாக் நீரிணையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டர்கூட இராது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் உள்ளே புகுந்த நீர் திரும்பாது. வெயிலில் வற்றி உப்பு ஏறும். அந்த மண்ணில் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் கருகும். முதலில் நீருக்கு வழிவிட வேண்டும். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 45 பாகையில் கிளை வாய்க்கால்கள்; மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலிருக்கும். ஏற்றத்தில் நீர் நுழைந்து வற்றத்தில் வெளியேற, உப்பு கழுவிப்போகும். விதையோ கன்றோ வாய்க்கால் சரிவின் நடுப்பகுதியில்: அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் காயும். வண்டல் படிந்ததும் தூர்வார வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் படுத்துவிடுவது இங்கேதான். நடவுக்குப் பணம் கிடைக்கும், தூர்வாரக் கிடைக்காது.

கடற்புல் படுகையில் அலையாத்தி நடுவது இன்னொரு தவறு. புல் வேர் பிடித்த சேற்றில் காற்று புகாது. அதனால் கரிமம் நெடுங்காலம் அடங்கிக் கிடக்கும். கன்று நடுகிறோம் என்று அதையே கிளறிவிடுவது வீண்செலவை விட மோசம். புல் அழிந்த இடத்தில் புல்லையே நடலாம்: வேர்த்தண்டோடு எடுத்த துண்டுகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் மூங்கில் சட்டத்தில் கட்டி, வெளிச்சம் எட்டும் ஆழத்தில் இறக்குவார்கள். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை ஓடி நீர் கலங்கினால் அதுவும் பிழைக்காது.

மன்னார் வளைகுடாவில் கதை வேறு. கீழக்கரைக்கு எதிரேயுள்ள பூவரசன்பட்டித் தீவு, சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் அலைக்கு அரண் இழந்து மூழ்கியது. இன்று சிமென்ட் சட்டகங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். ஆனால் 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்தன. சட்டகத்தில் கட்டிய துண்டுக்கும் அதே சூடுதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த, கடலைச் சூடேற்றும் கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு கீழக்கரையில் தீராது.