பாரிஸ் போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகள் பாரிஸில் இருக்கிறாள். சென்னையில் விமானம் ஏறினால் போக ஆகும் நேரத்தைவிட, திரும்பி வர ஒரு மணி நேரம் குறைவாக ஆகிறது. பூமி கிழக்கே சுழல்கிறது, நாங்கள் மேற்கே போகிறோம். பாரிஸ் எங்களை நோக்கி வர வேண்டாமா? தலைகீழாக இருக்கிறதே!"

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சென்னை–பாரிஸ் மிகக் குறுகிய வழி சுமார் 8,000 கி.மீ. அதன் நடுப்புள்ளி ஈரானில், காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டி விழும். மூடிக்கிடக்கும் வான்வெளிகளைச் சுற்றிக்கொண்டு போவது தனிக்கதை. பாரிஸ் எதிரே வராததற்குக் காரணம், தரையோடு சேர்ந்து காற்றும் விமானமும் சுழல்வதுதான். புதுச்சேரியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவரும் மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் பூமியின் சுழற்சியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது.

நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. 30 பாகை வடக்கே அது 1,450, பாரிஸில் 1,100தான். நடுக்கோட்டருகே வெயிலில் காய்ந்து மேலெழும் காற்று, உயரத்தில் வடக்கே நகர்கிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தவர் தரையில் கால் பட்டதும் முன்னோக்கி ஓடுகிறாரே, அதே நிலைமைதான்: பழைய வேகம் கையோடு வருகிறது, கீழே தரையோ மெதுவாகப் போகிறது. போதாததற்கு, சுழல் அச்சை நெருங்க நெருங்க அந்த வேகம் இன்னும் கூடும். வெறும் கணக்குப்படி, 30 பாகையை எட்டும்போது காற்று தரையை மணிக்கு 480 கி.மீ. முந்த வேண்டும். வளிமண்டலச் சுழல்கள் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட, மிஞ்சுவதுதான் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று. காற்றில் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு வழிநெடுக சராசரியாக 50 கி.மீ. எதிர்க்காற்று இருந்தாலே போதும். போக்குக்கும் வரவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும்.

நம் தலைக்கு மேல் கதை இன்னும் சுவையானது. ஆடியில் கடலூரில் கீழே மேலைக்காற்று அடிக்கும்போது, 14, 15 கி.மீ. உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து பாய்கிறது. கோடையில் சூடேறிய திபெத் பீடபூமிக்கு மேலிருந்து தெற்கே வரும் காற்று, வேகமாகச் சுழலும் தரைக்கு மேலே வந்து பின்தங்கிப்போவதன் விளைவு இது. இந்தக் கீழை ஜெட்டை 1950களில் ஆராய்ந்து விவரித்தவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். உயரத்துக் காற்றை அளக்க இன்றும் காரைக்காலிலிருந்து பலூன் விடுகிறார்கள். ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நாம் இந்தப் பலூன்காரர்களைக் கண்டுகொள்வதில்லை. நிதி ஒதுக்குகிறவர்களும் அப்படித்தான் என்பது என் ஆதங்கம்.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்று டிக்கெட்டை மாற்றுகிறவர்களும் உண்டு. காற்றுக்குக் கிழமை தெரியாது, மாதம் தெரியும். குளிர்காலத்தில் மேலை ஜெட் வலுத்து வட இந்தியா வரை இறங்கிவிடும். அதனால் மகளைப் பார்க்க டிசம்பரில் கிளம்பினால், ஜூலையைவிடப் போகும் நேரம் கூடும், திரும்பும் நேரம் குறையும்.