பிறபொருளெதிரியா, எதிர்ப்பொருளா?

போன மாதம் ஒரு பின்னேரம் என் மருமகள் கையில் ஒரு காகிதத் துண்டோடு வந்தாள். அவளுடைய மகனுக்கு எட்டு வயது, முதலாம் வகை நீரிழிவு, இன்சுலின் போடுகிறார்கள். அந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு, கோதுமை போன்ற தானியங்களால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோயும் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். அதனால் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டொக்டர். துண்டில் ‘சீலியாக் பிறபொருளெதிரிப் பரிசோதனை’ என்று தமிழில் அச்சாகியிருந்தது.

“மாமா, பிள்ளைட ரத்தத்தில எதிரி இருக்கோ எண்டு பார்க்கப் போறாங்களாம். என்ன எதிரி? பூச்சியோ?”

இருபத்தைந்து வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். அந்தச் சொல்லை எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். ஒரு தாய் அதை எப்படி வாசிப்பாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறபொருளெதிரி என்று நாம் எழுதுவது ஆன்டிபொடியை, அதாவது எதிர்த்து நிற்க உடல் தானே உண்டாக்கி இரத்தத்தில் விடும் புரதத்தை. ஆன்டிபொடி என்ற ஆங்கிலச் சொல், 1891இல் ஜெர்மன் விஞ்ஞானி போல் எர்லிக் கையாண்ட ‘அன்டிகேர்ப்பர்’ என்ற ஜெர்மன் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. அன்டி என்றால் எதிர், கேர்ப்பர் என்றால் உடல் அல்லது பொருள். சீலியாக், வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது நோயின் பெயர், அப்படியே இருக்கட்டும். பெயர்களைத் தமிழாக்கியே தீரவேண்டும் என்று நிற்பவன் நான் அல்ல.

ஆனால் பிறபொருளெதிரி பெயர் மட்டுமல்ல, ஒரு விளக்கம். பிறபொருள் ஒன்று உள்ளே வரும், அதற்கு இது எதிரி என்று அந்தச் சொல்லே கதை சொல்கிறது. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அந்தக் கதை சரி. சீலியாக்கில் நடப்பது வேறு. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலுக்குப் போகிறது. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதியம் அதைச் சற்று மாற்றுகிறது. பிறப்பிலேயே இந்த நோய்க்கான வாய்ப்பை உடையவர்களின் உடல் அப்போது அந்த நொதியத்துக்கு எதிராகவே கிளம்புகிறது. நொதியம் பிள்ளையுடைய சொந்தச் சரக்கு. 1997இல் ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தத் துண்டை நீட்டினால் ஆய்வுகூடத்தில் முதலில் அளப்பது அந்த நொதியத்துக்கு எதிரான ஐஜிஏ என்ற வகை ஆன்டிபொடியைத்தான். இதில் ‘பிற’ எங்கே இருக்கிறது? எதை அளக்கிறோமோ அதையே மறுக்கிற சொல்லைப் பரிசோதனைக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

நண்பர்கள் சிலர் விடமாட்டார்கள். நல்ல தமிழ், மாணவருக்கு மனதில் நிற்கும், தன்னைத்தானே தாக்குவது ஒரு விதிவிலக்குத்தானே என்பார்கள். சரி, அந்த விதிவிலக்குக்கு என்ன பெயர் வைப்பது? முன்னால் ‘தன்’ சேர்த்தால் ‘தன் பிறபொருளெதிரி’ என்று வரும். தானும் பிறவும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருள் என்று வைத்தால் ‘தன்னெதிர்ப்பொருள்’ என்று இழைத்த பலகைபோல வந்து பொருந்துகிறது. எதற்கு எதிர் என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே முடிவு கட்டுவதில்லை. ஒரு கலைச்சொல்லுக்கு அந்த அடக்கம் வேண்டும்.

அப்புறம் அந்த ‘எதிரி’. ‘இ’யில் முடியும் எத்தனையோ அஃறிணைச் சொற்கள் தமிழில் உண்டு, ஆனால் எதிரி என்றால் காதுக்கு ஆள்தான் வருகிறான். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர் எதிரி, அவர் நிற்பது எதிரிக்கூண்டு. முப்பது வருடம் வானொலியில் எதிரி, எதிரி என்று கேட்டு வளர்ந்த ஊர் திருகோணமலை. அந்தச் சொல்லை ஒரு பிள்ளையின் இரத்தத்தோடு சேர்த்து அச்சடிக்க எப்படி மனம் வந்தது?

எதிர்ப்பொருளுக்கும் ஒரு குறை சொல்வார்கள். எதிர்க்கருத்து என்ற பொருளும் அதற்கு உண்டே என்பது. உண்மைதான். ஆனால் பொருள் என்ற சொல்லே அர்த்தமும் வஸ்துவும் இரண்டுமாகத்தான் காலங்காலமாக நம்மிடம் இருக்கிறது, யாரும் தடுமாறவில்லை. சிலர் எழுதும் ‘நோயெதிர்ப்பொருள்’ எனக்கு ஒத்துவராது. இங்கே அது நோயை எதிர்க்கவில்லை, நோயோடு சேர்ந்து நிற்கிறது.

இதைவிடக் கெடுதலான பெயர்ப்பு ‘கோதுமை ஒவ்வாமைச் சோதனை’. ஒவ்வாமை வேறு, அதில் வேலை செய்வது ஐஜிஈ என்ற வேறு வகை எதிர்ப்பொருள், சாப்பிட்ட கையோடு தடிக்கும், மூச்சு இழுக்கும். சீலியாக் வருடக்கணக்கில் குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகளைத் தேய்க்கும். பிள்ளை வளராது, இரத்தம் குறையும், சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாத பிள்ளைகளிடமும் தேடிப் பார்ப்பதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறார்கள். அதை ‘திரையிடல்’ என்று எழுதுகிறவர்கள் சல்லடையை மறந்து படமாளிகைக்குப் போய்விட்டார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சலித்தெடுப்பது என்ற பொருளும் உண்டு, இங்கே பொருந்துவது அதுதான். ‘சலித்தறிதல்’ என்று தாராளமாக எழுதலாம்.

ஒவ்வாமை என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, மருமகள் இரண்டு கிழமையாகப் பிள்ளைக்குப் பாண் கொடுக்கவில்லை. கோதுமை மா இடியப்பத்தையும் நிறுத்தி, அரிசி மாவில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். சீனக்குடாவில் மாவாலையை வைத்துக்கொண்டு, காலையும் இரவும் கோதுமை மாவில் ஓடுகிற ஊரில் அது லேசான வேலை இல்லை. ஆனால் குளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருளும் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். பிறகு இரத்தம் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம்.

துண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்: ‘சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை. பிள்ளையின் உடல் தன் குடலுக்கே எதிராக ஏதும் உண்டாக்கியிருக்கிறதா என்று பார்ப்பது.’ இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்ப பூச்சி இல்ல.”

“இல்ல. பாண் குடு. எவ்வளவு நாள் குடுத்திட்டு ரத்தம் எடுக்கிறதெண்டு டொக்டரிட்டக் கேள்.”