பிரவுசர் மாற்றுவதற்கு முன் ஷிஃப்ட் + எஸ்கேப் தட்டிப் பாருங்கள்

விண்டோஸ் கணினியில் குரோமைத் திறந்து, விளம்பரம் கொட்டிக் கிடக்கும் ஒரு செய்தித் தளத்தை மட்டும் ஏற்றுங்கள். பக்கம் முழுசாக வந்ததும் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டுங்கள். பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். புதிய பதிப்புகளில் மேலே ‘ஆல்’ என்ற பிரிவு இருந்தால் அதைச் சொடுக்குங்கள். திறந்திருப்பது ஒரே ஒரு டேப். பட்டியலிலோ வரிசையாக வரிகள்: பிரவுசர் என்று ஒன்று, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்று ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷன்களுக்குத் தனியாக, நாம் திறந்த டேப், பிறகு ‘சப்ஃபிரேம்’ (பக்கத்துக்குள் பதிந்து வரும் வேற்றுத் தளத்தின் துண்டு) என்ற பெயரோடு நாம் கேள்விப்பட்டே இராத முகவரிகள். எட்ஜிலும் இதே விசைதான். ஃபயர்ஃபாக்ஸில் தட்டினால் தளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஒரு பக்கம் வரும்.

எது வேகம், எது ரேம் குறைவாக எடுக்கும், எது நம்மை வேவு பார்க்க விடாது என்று மூன்று தனித்தனிக் கேள்விகளாகத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். மூன்றுக்குமான பதிலில் பெரும்பங்கு அந்தச் சப்ஃபிரேம் வரிகளில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் பெரும்பாலும் ஒரு பிராசஸ், அதாவது தனக்கென்று நினைவகம் வைத்துத் தனியாக ஓடும் வேலை. ஒரு பக்கத்துக்கு ஏன் இத்தனை பிராசஸ்? 2008 செப்டம்பரில் குரோம் வருவதற்கு முன்பு பெரும்பாலான பிரவுசர்கள் எல்லா டேபையும் ஒரே பிராசஸில் ஓட்டின. ஒரு தளத்தில் ஏதாவது சிக்கினால் பிரவுசரே மொத்தமாகச் சாய்ந்துவிடும். குரோம் டேப்களை வெவ்வேறு பிராசஸ்களில் வைத்தது. ஒன்று செத்தாலும் மற்றவை பிழைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இந்த வழிக்கு வந்து சேர 2017 ஆயிற்று. பிறகு 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்ற பிராசஸர் ஓட்டை வெளியே தெரிந்தது. அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று ஊகித்து, முன்கூட்டியே வேலையைச் செய்து வைப்பது இன்றைய பிராசஸர்களின் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி, ஒரு பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தன் பிராசஸுக்குள் இருக்கும் வேறொரு தளத்தின் தகவலை மெல்ல மெல்லப் படித்துவிட முடியும். வங்கிப் பக்கமும் விளம்பரமும் ஒரே பிராசஸில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு வந்த குரோம் 67, ஒரு பக்கத்துக்குள் உட்பொதிந்து வரும் வேற்றுத் தளத்தின் சட்டகத்தையும் தனி பிராசஸுக்குத் தள்ளியது. இதனால் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் ரேம் செலவாகும் என்று கூகுள் பொறியாளர்களே அப்போது சொன்னார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2021 இறுதியில் இதையே செய்தது.

ஆண்ட்ராய்டில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை. குரோம் 77 அங்கே இந்தப் பிரிப்பைக் கொண்டு வந்தபோது, குறைந்தது 2 ஜிபி ரேம் இருக்கும் போனில், அதுவும் பாஸ்வேர்டு போட்டு நுழையும் தளங்களுக்கு மட்டும்தான் தந்தது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை ரேம் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடையாது. ‘ரேம் தின்னாத பிரவுசர்’ என்று விளம்பரம் பார்த்தால் எதை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ரேமைத் தின்பதில் அடுத்த ஆள் படங்கள். 4000க்கு 3000 புள்ளி கொண்ட ஒரு போட்டோ, ஜேபெக் கோப்பாக வரும்போது 4 எம்பி இருக்கலாம். திரையில் வரைய வேண்டுமானால் சுருட்டியதைப் பிரித்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. ஆக 48 எம்பி. திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாகக் காட்டினாலும் கோப்பு பெரிதாக இருந்தால் இந்தப் பாரம் வந்துவிடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்த படங்களின் பிரித்த வடிவத்தை பிரவுசர்கள் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் நீளமான பக்கத்தில் விருட்டென்று மேலே போனால் சில நொடி வெள்ளைக் கட்டங்கள் தெரிகின்றன. சமூக ஊடகங்களின் முடிவில்லாத பட்டியல்களில் படம் போனாலும் பதிவுகளின் கட்டமைப்பு நினைவிலேயே தங்கிக்கொண்டு போகும். காலையில் திறந்த டேப் மாலையில் கனப்பது இப்படித்தான். ரீலோட் செய்தால் இறங்கிவிடும்.

ரேமை அளப்பதில் ஒரு கண்ணி உண்டு. பிராசஸ்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தையும் எண்ணுகிற கருவியில் எல்லா வரியையும் கூட்டினால், அதே இடம் பத்து தடவை கணக்கில் ஏறிவிடும். அதோடு, 16 ஜிபி இருக்கும் கணினியில் பிரவுசர் தாராளமாக எடுத்துக்கொள்ளும், 4 ஜிபியில் அடங்கி ஒடுங்கி இருக்கும். யாரோ பெரிய கணினியில் எடுத்த ஒப்பீடு உங்கள் பழைய லேப்டாப்புக்குப் பொருந்தாது. விண்டோஸில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் தட்டி, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ‘கமிட்டட்’ என்ற எண்ணைப் பாருங்கள். அது உங்கள் ரேமின் அளவைத் தாண்டி ஏற ஏற, விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதும் வாய்ப்பும் ஏறும். எஸ்எஸ்டி இருந்தால் சின்னத் தயக்கம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மவுஸ் அம்பே நின்று போகும். பிரவுசர் மெதுவாகிவிட்டது என்று திட்டப்படும் கணினிகளில் கணிசமானவற்றுக்கு நோய் இதுதான்.

டேபைத் தூங்க வைப்பதில் இரண்டு விதம் இருக்கிறது, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 ஜனவரியில் எட்ஜ் 88இல் வந்த ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ பக்கத்தை உறைய வைக்கும்: உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். குரோமின் ‘மெமரி சேவர்’ பக்கத்தையே தூக்கி எறிந்துவிட்டு, தலைப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். திரும்பிச் சொடுக்கும்போது மறுபடி இறக்கும். பாட்டு ஓடும் டேப், டவுன்லோட் நடக்கும் டேப், பாதி நிரப்பிய படிவம் ஆகியவற்றை அது தொடுவதில்லை. ஆனால் ரீலோட் செய்தாலே வெளியே தள்ளிவிடும் வங்கி, முன்பதிவுத் தளங்கள் உண்டு. செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அவற்றை ‘எப்போதும் விழித்திருக்கட்டும்’ என்ற பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் 2021 அக்டோபர் பதிப்பு முதல் விண்டோஸில் ரேம் வற்றும்போது மட்டும் இப்படிச் செய்கிறது. இப்போதைய பதிப்புகளில் டேபின் மேல் வலது சொடுக்கு போட்டு நாமே நினைவகத்திலிருந்து இறக்கி வைக்கவும் முடியும்.

வேகத்துக்கு வருவோம். முகவரியைத் தட்டியதும் முதலில் சர்வரோடு கைகுலுக்கல். போய்வர 200 மில்லி செகண்ட் ஆகும் தூரத்தில் சர்வர் இருக்கிறது என்று வையுங்கள். இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ்ஸின் பழைய 1.2 முறையில் மூன்று தடவை போய்வந்த பிறகுதான் ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று கேட்கவே முடியும்: 600 மில்லி செகண்ட். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3இல் இரண்டு தடவை, 400. பக்கங்களைக் கேட்டு வாங்கும் புதிய விதிமுறையான எச்டிடிபி 3இல் ஒரே தடவை, 200. இதை எல்லாப் பெரிய பிரவுசர்களும் பேசும். சர்வர் பேசுகிறதா என்பதுதான் விஷயம். இதில் பிரவுசரை மாற்றி ஒன்றும் சாதிக்க முடியாது.

பிறகு ஜாவாஸ்கிரிப்ட். குரோமின் வி8 இன்ஜின் நிரலை முதலில் மெதுவாக, வரிக்கு வரி ஓட்டும். ஒரு ஃபங்ஷன் திரும்பத் திரும்ப ஓடினால், ‘இதற்கு எப்போதும் எண்கள்தான் வருகின்றன’ என்று கவனித்து, எண்களுக்கு மட்டுமே பொருந்தும் வேகமான இயந்திரக் குறியீடாக மாற்றிவிடும். ஆயிரமாவது தடவை எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் ஊகம் பிழைத்துவிடும்; மாற்றியதைக் கைவிட்டு மெதுவான வழிக்கே திரும்ப வேண்டியதுதான். மற்ற இன்ஜின்களும் இதே வித்தையைத்தான் தங்கள் பாணியில் செய்கின்றன. சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு தடவைக்கு 16.7 மில்லி செகண்ட். அதற்குள் ஸ்கிரிப்ட், இடம் கணக்கிடுதல், வரைதல் எல்லாம் முடியவில்லை என்றால் ஸ்க்ரோல் தடுக்கும். அந்த 16.7இல் பங்கு கேட்டு வரும் கூட்டத்தில் சப்ஃபிரேம்களோடு சேர்ந்து வந்த கண்காணிப்பு ஸ்கிரிப்ட்களும் நிற்கின்றன.

சந்தையில் நூறு பெயர் இருந்தாலும் பக்கத்தைத் திரையில் வரையும் பெரிய இன்ஜின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ. சஃபாரிக்கு வெப்கிட். ‘குரோமைவிட பிரேவ் வேகம்’ என்று யாராவது சொன்னால் அது இன்ஜினின் பெருமை இல்லை. விளம்பரத்தை உள்ளே விடாததன் பலன். ஐபோனில் இன்னும் வேடிக்கை: எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே வெப்கிட்தான் என்று ஆப்பிள் விதி வைத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4இல் விலக்கு கொடுத்தது. நம் ஊர் ஐபோனில் வேகத்துக்காக பிரவுசர் மாற்றுவது சட்டையை மாற்றுவது மாதிரி.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட ‘ஸ்பீடோமீட்டர் 3’ இருக்கிறது. சார்ஜரைச் செருகி, பேட்டரி சேவரை அணைத்து, எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, மூன்று தடவை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஐந்து சதவீத வித்தியாசம் கைக்குத் தெரியாது. இதைவிட உருப்படியான சோதனை நீங்கள் தினமும் போகும் தளத்தில்: எஃப்12 தட்டி, நெட்வொர்க் பிரிவில் ‘டிசேபிள் கேஷ்’ (முன்பே சேமித்த நகலைப் பயன்படுத்தாதே) கட்டத்தில் டிக் வைத்து ரீலோட் செய்யுங்கள். எத்தனை கோரிக்கை போயிற்று, எத்தனை எம்பி வந்தது, எத்தனை நொடி ஆனது என்று கீழே வரும். விளம்பரத் தடுப்பானோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. விளம்பரம் நிறைந்த தளத்தில் பிரவுசருக்குப் பிரவுசர் வரும் வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம்தான் கண்ணில் அடிக்கும்.

அந்தத் தடுப்பானில்தான் பிரவுசர்கள் உண்மையிலேயே பிரிகின்றன. முன்பு எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு கோரிக்கையையும் வழிமறித்து, அந்த நொடியில் முடிவெடுக்கும். குரோமின் புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3இல் அந்த உரிமை இல்லை. தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விளம்பரத் தடுப்பானான யுபிளாக் ஒரிஜின் இதனால் 2025க்குள் குரோமிலிருந்து வெளியேறிவிட்டது. அதன் ‘லைட்’ வடிவம்தான் மிச்சம். பாதுகாப்புக்காகச் செய்ததாகக் கூகுள் சொல்கிறது, அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வருமானம் விளம்பரத்தில் இருந்து வரும் நிறுவனம் எடுத்த முடிவு என்பதையும் மறக்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் இன்னும் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. பிரேவ் தடுப்பானை எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் உள்ளேயே வைத்திருக்கிறது.

குக்கீ, அதாவது தளங்கள் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு, மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டு மாதிரி. கடைக்காரர் தன் கடையில் நீங்கள் வாங்கியதை எழுதிக்கொண்டால் தவறில்லை. ஊரில் உள்ள எல்லாக் கடையிலும் ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதினால் அதுதான் மூன்றாம் தரப்பு குக்கீ. சஃபாரி 2020 மார்ச்சில் அந்த ஆளின் நோட்டைப் பிடுங்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் கடைக்கு ஒரு நோட்டு என்று பிரித்துக் கொடுத்தது. ஒரு கடையில் எழுதியதை இன்னொன்றில் பார்க்க முடியாது. குரோம் இரண்டே ஆண்டில் ஒழிப்போம் என்று 2020இல் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் நாமே போய் அணைக்கலாம்.

குக்கீ இல்லாமலும் அடையாளம் காணலாம். திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், கிராபிக்ஸ் கார்டு ஒரு படத்தை வரையும் விதம் எல்லாம் சேர்ந்தால் கைரேகை போல ஆகிவிடும். இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 83.6 சதவீத பிரவுசர்களின் ரேகை தனித்துவமாக இருந்தது. பழைய டிடிபி வேலைக்காக ஐம்பது தமிழ் ஃபான்ட் போட்டு வைத்திருக்கும் கணினி இந்த விஷயத்தில் கூட்டத்தில் தனியாகத் தெரியும். சஃபாரி, கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டும் தளங்களுக்குக் காட்டுகிறது. பிரேவ் பதிலில் சிறு பொய்யைக் கலந்து, ரேகையை மாற்றிக்கொண்டே இருக்கும். டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கிறது: ஜன்னலை எப்படி இழுத்தாலும் பக்கத்தின் அளவை 200, 100 என்ற மடங்குகளில் வைத்து, ஓரத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடும். மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாகத்தான் இருக்கும். தினசரி வேலைக்கு அது வேண்டாம். இன்காக்னிட்டோவைப் பொறுத்தவரை, அது வீட்டில் இருப்பவர்களிடமிருந்து மறைக்கும். இணைய நிறுவனத்திடமிருந்தும் போகிற தளத்திடமிருந்தும் மறைக்காது.

ஆக, 4 ஜிபி லேப்டாப்புக்கு ஃபயர்ஃபாக்ஸும் யுபிளாக் ஒரிஜினும், இல்லையென்றால் பிரேவ். குரோமையோ எட்ஜையோ விட முடியாதவர்கள், மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வசதியை செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் அணைத்துவிட்டு, தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களைக் களையலாம். அவையும் ரேம் கேட்கும், அவற்றில் சில நாம் பார்க்கும் பக்கங்களையும் படிக்கும். ஆண்ட்ராய்டிலும் அதே ஃபயர்ஃபாக்ஸ் கூட்டணி. ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் சஃபாரியே போதும். குரோமில் மட்டும் சோதித்துவிட்டு விடப்பட்ட தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் சில சமயம் மக்கர் பண்ணும். அதற்காக ஒரு பிளிங்க் பிரவுசரைத் தொடாமல் ஓரமாக வைத்திருங்கள்.

மாறும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பிரவுசரிலிருந்து பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்தால் அவை சிஎஸ்வி கோப்பாக வரும். அது பூட்டில்லாத வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே எல்லாப் பாஸ்வேர்டும் வரிசையாகத் தெரியும். புதிய பிரவுசரில் ஏற்றி முடித்த கையோடு அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கிளவுடோடு இணைந்திருந்தால் அங்கே ஒரு நகல் போயிருக்கும், அதன் குப்பைத் தொட்டியையும் பாருங்கள்.